போகாத ஜான்கி திரும்பி வந்த கதை

ஜான்கி ஊரை விட்டுப் போகப் போகிறாள் என்ற சேதி ஜான்கிக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

அதற்குள் ஆபீசில் முப்பத்தொரு பேருக்கும், கீழே பன் விற்கிற கடைக்காரருக்கும், அவள் வீட்டுப் பக்கம் போகிற நகாசி பஸ் டிரைவருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. ஒரு நாள் காலையில் சில்லறையை எண்ணிக் கொடுத்தபடி டிரைவர், "ஆக்லாந்தா, சிட்னியா, பஹினி?" என்று ஹிந்தியில் தங்கச்சி முறை வைத்துக் கேட்டார். பாவம், மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஜான்கி ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.

செல்லங்களா, நம் தீவில் அந்த வருஷம் அப்படி. முந்தின மே மாதம் பட்டாளத்துக்காரர்கள் பார்லிமெண்டுக்குள் நுழைந்தார்கள். அது போதாதென்று செப்டம்பரில் இன்னொரு தரம். அதற்கப்புறம் நம் ஜனங்கள் போகத் தொடங்கினார்கள். சொல்லிவிட்டா போனார்கள்? சொன்னால் கண் பட்டு விசா கெட்டுப்போகும் என்று பயம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று குடையை விரித்துக்கொண்டு போவார்கள். திங்கட்கிழமை ஆக்லாந்திலிருந்து போன் வரும், மேசை இழுப்பறையில் வைத்த மூக்குக் கண்ணாடியைத் தபாலில் அனுப்ப முடியுமா என்று.

ஜான்கி வேலை பார்த்த இடத்துக்கு மேக்லஸ்கி தேவேந்திரா அண்ட் கம்பெனி என்று பெயர். தலைநகர் சுவாவில் மூன்றாவது மாடி. பிறத்தியார் கணக்கைத் தணிக்கை செய்கிற இடம். பெரிய கம்பெனியும் இல்லை, பெட்டிக்கடையும் இல்லை, நடுவாந்தரம். மேக்லஸ்கி என்பவரை யாரும் பார்த்ததில்லை. இருந்தாலும் லெட்டர்ஹெட்டில் அவர் பெயர் முதலில் இருந்ததால் முதலாளி தேவேந்திரா அவருக்கென்று ஓர் அறையை ஒதுக்கி, தினமும் தூசி தட்ட வைத்திருந்தார்.

அங்கே எல்லாரும் நம்பின விஷயம் இதுதான். ஒரு ஆள் தன்னைப் பற்றித் தானே சொல்வதற்கு மதிப்பே கிடையாது. வெளி ஆள் எழுதி அனுப்பினால் அதற்கு மதிப்பு உண்டு. அதை ஃபைலில் கோத்து, பெரியவர் கையெழுத்துப் போட்டு மூடிவிட்டால், அப்புறம் பிரம்மாவே வந்தாலும் திறக்க முடியாது.

ஜான்கி பதினேழு வருஷத்துக்கு முன்னால் அங்கே தேத்தண்ணீர் ஊற்ற வந்தவள். ஃபைல் தூக்கினாள். தூக்கின ஃபைலைப் படித்தாள். படித்ததில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள். அது முதல் அவளுக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள், மழை ஒழுகுகிற ஜன்னலுக்குப் பக்கத்தில். பரீட்சை எழுதின சர்டிபிகேட் ஒன்றும் அவளிடம் இல்லை. இந்த நாற்காலி போனால், சுவாவில் வேறு எந்த ஆபீசும் அவளை மறுபடி தேத்தண்ணீர் ஊற்றத்தான் கூப்பிடும். புருஷன் நரேந்திரா வேலை செய்த மரப்பட்டறையின் முதலாளி அதைப் பூட்டிவிட்டு வான்கூவர் போய் ஆறு மாசமாகிவிட்டது. அதனால் ஜான்கிக்கு அந்த நாற்காலி எப்படிப்பட்டது என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆபீசிலிருந்து ஒன்பதாவது ஆளும் சொல்லாமல் போய்விட்ட அந்த வாரம் தேவேந்திரா எல்லாரையும் கூட்டினார்.

"அருமை ஊழியர்களே, நமக்குள் ரகசியம் கூடாது" என்று தொடங்கினார். "ஆகையால் உங்களை ரகசியமாகக் கவனிக்க ஒரு குழு போட்டிருக்கிறேன். இது யாரையும் சந்தேகப்படுவதற்காக இல்லை. இப்போது கண்டபடி சந்தேகப்படுகிறோம். யாரை எவ்வளவு சந்தேகப்படலாம் என்று ஓர் ஒழுங்கு வேண்டாமா? போகப் போகிறவர்கள் பயப்படாமல் முன்வந்து சொல்லலாம். சொன்னவர்களை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிடுவோம்."

எல்லாரும் கை தட்டினார்கள். யார் கம்மியாகத் தட்டினார்கள் என்று மேனேஜர் ஷைலேந்திரா குறித்துக்கொண்டார்.

குழுவுக்கு 'ஊழியர் இருப்பு உறுதிக் குழு' என்று பெயர். குழு என்றால் ஷைலேந்திராவும் ஒரு டார்ச் லைட்டும். டார்ச் எதற்கு என்று கேட்பீர்கள். அந்த நாளில் வெளிநாடு போகிறவர்கள் எல்லாரும் போகும் முன்னால் பல் வைத்தியரிடம் போய் வருவார்கள். அங்கே ஒரு பல்லை அடைக்கிற செலவில் இங்கே ஒரு மாடு வாங்கலாம் என்று பேச்சு. அதனால் ஷைலேந்திரா ஒவ்வொருவரையும் அறைக்குள் கூப்பிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, பல் பதிவேட்டில் எழுதினார். புதுசாக அடைத்த பல் இருந்தால் சிவப்புப் புள்ளி.

ஜான்கி வாயில் இரண்டு புதுப் பல் அடைப்பு.

"வலிச்சுது சார்" என்றாள் ஜான்கி.

"எல்லாருக்கும் இந்த வருஷம்தான் வலிக்குது" என்றார் ஷைலேந்திரா. "பாஸ்போர்ட் எங்கே?"

"எனக்கு பாஸ்போர்ட் இல்லை சார்."

ஷைலேந்திரா பேனாவைக் கீழே வைத்தார். "ஜான்கி பஹின், இந்த ஆபீசிலே முப்பது பேர் பாஸ்போர்ட்டைக் கொண்டு வந்து மேசை மேலே வச்சுட்டாங்க. விசா முத்திரை ஒண்ணும் இல்லாத சுத்தமான பாஸ்போர்ட். உங்ககிட்ட மட்டும் இல்லை. அப்படின்னா அது இப்ப எங்கே இருக்கு? ஏதாவது எம்பசியிலே இருக்கு."

"இல்லாதது எப்படி சார் எம்பசியிலே இருக்கும்?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன்."

அந்த முப்பது பேரில் பாதிப் பேர், பழசு தொலைந்துபோய்விட்டது என்று எழுதிக் கொடுத்துப் புதுப் பாஸ்போர்ட் வாங்கினவர்கள். விசா குத்தின பழசு வீட்டில் அரிசி டின்னுக்குள் இருந்தது. இது ஷைலேந்திராவுக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்றால், அவர் வீட்டு அரிசி டின்னிலும் ஒன்று இருந்தது.

"சார், நான் எங்கேயும் போகலை. உங்க எதிரிலே உட்கார்ந்து சொல்றேன்" என்றாள் ஜான்கி.

"நீங்க சொல்றதை நான் எழுதிக்கக்கூட முடியாது, பஹின். பதினேழு வருஷமா இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதா? வெளி ஆள் உறுதிக் கடிதம் வேணும்."

ஜான்கி தலையை ஆட்டினாள். சரியான முறை அதுதான். அவளே எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாள்!

நான்காம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பாப்பம்மா முறத்தோடு வேலியைத் தாண்டி வந்தாள். முறத்தில் கீரை, கீரைக்கு மேலே ஒரு நீளக் கவர். அந்தத் தெருவில் யாருக்கு இங்கிலீஷ் காகிதம் வந்தாலும் ஜான்கிதான் படித்துச் சொல்லி, பதிலும் எழுதிக் கொடுப்பாள்.

"அடியே, எனக்கு ஏதோ கவர்மெண்டு காயிதம் வந்திருக்குது. நெலத்தைப் புடுங்கப் போறானுவளா பாரு" என்றாள் பாப்பம்மா.

ஜான்கி பிரித்தாள். அவளுடைய ஆபீஸ் லெட்டர்ஹெட். 'திருமதி ஜான்கி என்பவர் நாட்டை விட்டுச் செல்லும் நோக்கம் கொண்டவரா என்பது பற்றித் தாங்கள் நேரில் கண்டதை எழுதி அனுப்பவும்.'

"என்னடி போட்டிருக்கான்?"

"என்னைப் பத்திக் கேக்கறாங்க அக்கா. நான் ஊரை விட்டுப் போறேனான்னு."

"போறியா?"

"இல்லையே."

"அப்ப இல்லைன்னு எழுது. ரேகை வைக்கணுமா, எங்கே வைக்கணும்?" பாப்பம்மா கட்டைவிரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் நீங்களோ நானோ இருந்தால் என்ன செய்திருப்போம்? இரண்டு வரி எழுதி ரேகையை வாங்கி மறுநாளே தபாலில் போட்டிருப்போம். ஆனால் ஜான்கி யார்? பதினேழு வருஷம் தணிக்கை பார்த்தவள். விசாரிக்கப்படுகிற ஆளே தன்னைப் பற்றிய உறுதிக் கடிதத்தை எழுதுவதா? அவள் உடம்பு கூசிற்று.

"அக்கா, இதை நான் எழுதக் கூடாது. தொடக்கூடக் கூடாது. வேற யார்கிட்டயாவது குடுத்து எழுதிக்குங்க."

"ஏண்டி, நேத்து என் பென்ஷன் காயிதத்தை நீதானே எழுதினே?"

"அது உங்களைப் பத்தி. இது என்னைப் பத்தி."

"உன்னைப் பத்தி எழுத உன்னைவிட எவளுக்குடி தெரியும்?"

"அதனாலதான் அக்கா எழுதக் கூடாது."

பாப்பம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். சந்தேகம் அங்கேதான் அவள் மனசில் விழுந்தது. போகாதவளாக இருந்தால் 'போகலை' என்று எழுத ஏன் மாட்டேன் என்கிறாள்? கவரை எடுத்துக்கொண்டு மூலைக் கடைக்குப் போனாள். கடைக்காரர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அவள் சொல்லச் சொல்ல எழுதினார்.

அந்தக் கடிதத்தை ஷைலேந்திரா தேவேந்திராவுக்கு வாசித்துக் காட்டினார். 'ஜான்கி நல்ல பெண். போகிற மாதிரி தெரியவில்லை. கேட்டால் மட்டும் முகம் மாறுகிறது. போன மாசம் முட்டையிடுகிற கோழி இரண்டை எனக்குச் சும்மா கொடுத்தாள்.'

"கோழி" என்றார் தேவேந்திரா.

"முட்டையிடுகிற கோழி சார்" என்றார் ஷைலேந்திரா. "இங்கேயே இருக்கப் போகிறவர் யாராவது முட்டையிடுகிற கோழியைச் சும்மா கொடுப்பாரா?"

கூப்பிட்டு அவளையே கேட்டார்கள். பாப்பம்மாவின் கோழிகளைக் கீரி பிடித்துக்கொண்டு போய்விட்டது, அதனால் கொடுத்தேன் என்றாள் ஜான்கி. கீரியிடமிருந்து கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று ஷைலேந்திரா கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார். இல்லை என்றாள். தேவேந்திரா கையெழுத்துப் போட்டார். 'திருமதி ஜான்கி செல்கிறார்.' ஃபைல் மூடியாயிற்று. மற்ற முப்பது பேருக்கும் 'இருக்கிறார்' என்று சர்டிபிகேட் கொடுத்துக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்கள். ஷைலேந்திராவுடையது நடுவில், மற்றதைவிடப் பெரிசு.

வெள்ளிக்கிழமை பிரிவுபசாரம். தரையில் பாய் விரித்து, தானோவா என்கிற மரக் கிண்ணத்தில் யங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்து, சிரட்டையில் ஊற்றி வரிசையாகக் கொடுத்தார்கள். ஜான்கிக்கு மாலை போட்டார்கள். தேவேந்திரா பேசினார்.

"இந்த ஆபீசின் தூண் ஒன்று இன்று பெயர்ந்து போகிறது. போகிறவரைத் தடுக்க நாம் யார்? எந்த நாட்டுக்கு என்று அவர் கடைசி வரை சொல்லவில்லை. அந்த அடக்கம்தான் நம் ஆபீசின் பண்பு."

"சார், நான் போகலை" என்றாள் ஜான்கி. யங்கோனா குடித்த நாக்கு மரத்திருந்தாலும் தெளிவாகவே சொன்னாள்.

பெண்கள் எல்லாம் அழுதார்கள். "பார், மனசு வரவில்லை அவளுக்கு" என்று டைப்பிஸ்ட் ரோஷ்னி அவளைக் கட்டிக்கொண்டாள். சக்கரம் வைத்த நீலப் பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள்.

அந்தப் பெட்டியோடு அவள் நகாசி பஸ்ஸில் ஏறினாள் பாருங்கள், பஸ்ஸே எழுந்து வழி விட்டது. தெரு முனையில் பாப்பம்மா நின்றிருந்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

"எங்கிட்டக்கூடச் சொல்லணும்னு தோணலை இல்ல உனக்கு? அந்தக் கோழிங்களை நாளைக்கே கொண்டாந்து விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலையில் ஜான்கி எழுந்து பார்த்தபோது, நரேந்திரா பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒருத்தர் துணிதான் கொள்ளும் போலிருக்குதே" என்றார் மெதுவாக. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன்.

திங்கட்கிழமை ஜான்கி வழக்கம்போல எட்டு மணிக்கு ஆபீசுக்குள் நுழைந்தாள். அவள் நாற்காலியைத் திருப்பி மேசை மேல் கவிழ்த்திருந்தார்கள்.

"நீங்க போயாச்சு" என்றார் ஷைலேந்திரா.

"இதோ நிக்கறேனே சார்."

"நிக்கறீங்க. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா ஃபைல் மூடியாச்சே." அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பால் கூட்டுறவுச் சங்கத்தின் தணிக்கை மாசக் கடைசிக்குள் முடிய வேண்டும், அதை முடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். யோசித்து ஒரு வழி சொன்னார். "மேக்லஸ்கி அறை காலியாத்தான் இருக்கு. அங்கே உட்கார்ந்து பாருங்க. வருகைப் பதிவிலே பேர் வராது. சம்பளத்தை வேற ஏதாவது தலைப்பிலே போட்டுக்கலாம்."

அந்த மாசம் ஜான்கியின் சம்பளம் தரை மெழுகு வாங்கின கணக்கில் வந்தது. இருந்தும் இல்லாத ஒருத்தியும் இல்லாமலே இருக்கிற ஒருவரும் ஒரே அறையில் என்று நினைத்து, அவள் மேக்லஸ்கியின் மேசையில் இருந்த தூசியைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஷைலேந்திரா, "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை பிரிஸ்பேனிலிருந்து போன் வந்தது.

நியாயமாகப் பார்த்தால் ஆபீசே அதிர்ந்திருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. தேவேந்திரா ஷைலேந்திராவின் ஃபைலை எடுத்துப் பார்த்தார். 'இருக்கிறார்' என்று இருந்தது, கையெழுத்தோடு. ஃபைலை மூடி வைத்தார். பத்து மணிக்கு ஷைலேந்திராவின் மேசையில் தேத்தண்ணீர் வைத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ஆறிப்போனதை எடுத்துப் போனார்கள். கூட்டங்களில், "ஷைலேந்திரா இதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை" என்று எழுதினார்கள்.

அப்புறம் ரோஷ்னி. அப்புறம் ஒரே வாரத்தில் நாலு பேர். மழைக்காலம் முடிவதற்குள் சர்டிபிகேட் பெற்ற முப்பது பேரில் இருபத்தாறு பேர் கடல் தாண்டியிருந்தார்கள், எல்லாருமே சுவரில் இருந்தார்கள். மேசைக்கு மேசை தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. உள்ளறையில், ஊரை விட்டுப் போய்விட்ட ஜான்கி ஆறு பேர் வேலையைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு மாசமும் தேவேந்திராவிடம் போய், "சார், என் பேரைத் திருப்பிச் சேருங்க" என்று கேட்பாள். தரை மெழுகில் எத்தனை நாள் சம்பளம் வாங்குவது? ஒரு நாள் யாராவது கணக்குப் பார்த்து, இவ்வளவு மெழுகு எதற்கு என்று நிறுத்திவிட்டால்? "பொறுங்கள், முறை ஒன்று யோசிக்கிறேன்" என்பார் தேவேந்திரா.

முறை சிட்னியிலிருந்து வந்தது. அங்கே ஒரு பெரிய கம்பெனி. அவர்களோடு சேர்ந்தவர்கள் என்று லெட்டர்ஹெட்டின் அடியில் பொடி எழுத்தில் போட்டுக்கொள்ள இவர்களுக்கு அனுமதி. வருஷத்துக்கு ஒரு தரம் அங்கிருந்து ஒருவர் வந்து வேலைத் தரத்தைப் பார்ப்பார். அந்தத் தரம் வந்தவர் ஒல்லியான மனிதர், சிரிக்காதவர். பத்து ஃபைலைப் புரட்டினார். பத்திலும் பக்க மூலையில் ஒரே கையெழுத்து.

"வேலை மிக நன்றாக இருக்கிறது. யார் இந்த ஜான்கி?" என்று கேட்டார்.

"அவர் போன வருஷமே போய்விட்டார்" என்றார் தேவேந்திரா.

"இது போன வியாழக்கிழமைத் தேதி."

தேவேந்திராவுக்கு நெற்றி வியர்த்தது. அந்த நேரம் பார்த்து ஜான்கி அடுத்த ஃபைலோடு உள்ளே வந்தாள். சிட்னிக்காரர் அவளைப் பார்த்தார், அப்புறம் தேவேந்திராவைப் பார்த்தார். தேவேந்திரா எழுந்து நின்றார். முப்பத்திரண்டு வருஷ அனுபவம் அவரைக் கைவிடவில்லை.

"திரும்பி வந்துவிட்டார்" என்றார்.

மூடின ஃபைலைத் திறக்கக் கூடாதுதானே, அதனால் புதிய ஃபைல் போட்டார்கள். சென்ற நாடு நியூசிலாந்து. சென்ற தேதி, பிரிவுபசாரத்துக்கு மறுநாள். திரும்பிய தேதி, போன மாசம். காரணம், தாய்நாட்டுப் பற்று. "நான் போகவேயில்லை" என்று ஜான்கி வாயைத் திறந்தாள். அதற்குள் தேவேந்திரா கையெழுத்துப் போட்டு மூடிவிட்டார். சிட்னிக்காரர் எழுந்து அவளுடைய கையைக் குலுக்கினார். அவர் கண்ணில்கூடக் கொஞ்சம் ஈரம் இருந்தது.

மறுபடி பாய், மறுபடி யங்கோனா, மறுபடி மாலை. தேவேந்திரா புதுசாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்: "இதோ ஒரு பெண்மணி. வெளிநாட்டுச் சுகத்தைக் கண்டு, வேண்டாம் என்று உதறிவிட்டு வந்தவர். இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். இவர் போகாமலே இருந்திருந்தால் இந்தப் பெருமை நமக்குக் கிடைத்திருக்குமா?"

பிள்ளைகள் கற்றுக்கொள்ளவில்லை, சந்தேகப்பட்டார்கள். போனவர் யாராவது திரும்பி வருவாரா? அங்கே என்ன செய்துவிட்டு ஓடி வந்தாளோ? ஜான்கி தாண்டிப் போகும்போது அவர்கள் பேச்சு நிற்கும்.

ஜான்கிக்கு அதெல்லாம் பெரிசாகப் படவில்லை. ஃபைலில் அவள் திரும்பி வந்தாயிற்று. ஆனால் வேலையில் சேர்க்கும் உத்தரவில் இன்னும் கையெழுத்து ஆகவில்லை. அந்த ஒரு காகிதம் இல்லாமல் நாற்காலி அவளுடையது ஆகாது. மறுநாள் அதைத் தயார் செய்து எடுத்துக்கொண்டு தேவேந்திராவின் அறைக்குப் போனாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். அதுவரை ஆபீசில் இங்கிலீஷும் ஹிந்தியும் தவிர வேறு எதையும் பேசாதவர், அன்றைக்குத்தான் தமிழில் பேசினார். அவருடைய அம்மா பேசியிருப்பாளே, அந்தப் பழைய தமிழ்.

"ஜான்கிம்மா, அங்கே எப்பிடிம்மா இருக்குது?"

"எங்கே சார்?"

"நியூசிலாந்திலே. பையன் கூப்புடறான். பேப்பர் எல்லாம் வந்திடுச்சு. அம்பத்தெட்டு வயசிலே போயி என்னாத்தைப் பண்றதுன்னு ராவெல்லாம் தூக்கமில்லே. யாரைக் கேட்டாலும் போனவன் பொய் சொல்றான். நீதான் போயி பார்த்துட்டு வந்தவளாச்சே."

ஜான்கி அவர் முகத்தில் சிரிப்பு எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினாள். இல்லை. மேசை மேல் அவளுடைய புதிய ஃபைல் கிடந்தது.

"நான் எங்கே சார் போனேன்? நீங்கதானே எழுதினீங்க."

"அதான் எழுதியிருக்குதேம்மா" என்றார் தேவேந்திரா, கெஞ்சுகிற மாதிரி. கீழே தன்னுடைய கையெழுத்தைத் தொட்டும் காட்டினார்.

ஜான்கி தான் கொண்டு வந்த உத்தரவை அவர் முன்னால் வைத்தாள்.

"முதல்லே இதிலே ஒரு கையெழுத்து சார். சீனியர் ஆடிட்டர், நிரந்தரம். ரெண்டு எடத்திலே."

அவர் படித்துக்கூடப் பார்க்காமல் இரண்டு இடத்திலும் போட்டார். மை காயும்வரை ஜான்கி காத்திருந்தாள். காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"குளிரு சார். காது மடல் வெறைச்சுப் போவும். கம்பளிச் சட்டை ரெண்டு எடுத்துக்குங்க. அங்கே உங்களை யாரும் சார்னு கூப்பிட மாட்டாங்க. அது முதல்லே கஷ்டமா இருக்கும், அப்புறம் பழகிடும். தேத்தண்ணி நீங்களேதான் ஊத்திக்கணும்."

தேவேந்திரா ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். மேலே 'நேரில் கண்டவர் கூறியது' என்று தலைப்புப் போட்டு, அடியில் தேதி எழுதி, சரிபார்க்கச் சொல்லி அவளிடமே நீட்டினார்.

ஜான்கி அதை நிதானமாக, வரி வரியாகப் படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் டிக் போட்டுக் கொடுத்தாள்.